வெப்பம் தாங்கும் உலோகம்: வலிமை மட்டும் போதுமா?

கடந்த தீபாவளி விடுமுறையில், "யூனிவர்சிட்டில அப்படி என்னதான்பா படிக்கிற?" என்று அப்பா கேட்டார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன். ஆனால், படிவம் ஒன்று தொடங்கி அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தும், தமிழில் இரண்டு வாக்கியம் சொல்ல முடியாமல் விழித்தேன். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

டைட்டானியம் எஃகைவிட மிகவும் இலேசானது. ஆகவே, விமான எந்திரங்களுக்கு ஏற்றது. ஆனால், வெப்பம் ஏற ஏற அதன் வலிமை குறையும். இதனை ஈடுகட்ட, சிமெண்டுக்குள் கம்பி வைப்பதுபோல், அதனுள் சிலிக்கன் கார்பைடு இழைகளைப் பதிக்கிறார்கள். ஓர் இழையின் தடிப்பு ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர்.

இங்கே இரண்டு பண்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு இழுத்தால் அறும் என்பது வலிமை. விரிசல் விழுந்த பிறகும் உடையாமல் தாக்குப்பிடிப்பது முறிவெதிர்ப்பு. பீங்கான் தட்டு கடினமானதுதான். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

மெல்லிய டைட்டானியத் தகடுகளையும் இழைகளையும் மாறி மாறி அடுக்கி, காற்றை அகற்றி, சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் அழுத்துவார்கள். உலோகம் நெகிழ்ந்து இழைகளைச் சூழ்ந்துகொள்ளும். வெப்பமும் அழுத்தமும் போதாவிட்டால் நுண்ணிய இடைவெளிகள் எஞ்சும்; விரிசல் அங்கிருந்தே தொடங்கும். வெப்பமோ நேரமோ மிகுந்தால், டைட்டானியம் இழையுடன் வினைபுரிந்து டைட்டானியம் கார்பைடு போன்ற நொறுங்கும் படலத்தை உண்டாக்கும். சுமை ஏறும்போது அப்படலம் முதலில் வெடித்து இழையையும் அறுத்துவிடும். இதைத் தடுக்கவே இழையின்மீது சில மைக்ரோமீட்டர் தடிப்பில் கார்பன் பூச்சு பூசுகிறார்கள்.

இன்னொன்று எனக்கு வியப்பளித்தது. பிணைப்பு மிகவும் இறுக்கமாக இருக்கக் கூடாது! இறுக்கமாக இருந்தால், உலோகத்தில் வரும் விரிசல் இழையையும் வெட்டிக்கொண்டு நேராகச் செல்லும். சற்றே விடுபடக்கூடிய பிணைப்பாக இருந்தால், விரிசல் இழையின் ஓரமாகத் திரும்பிவிடும். அறாத இழைகள் தையல்போல் விரிசலின் இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்ளும். அதற்காகப் பிணைப்பு மிகவும் தளர்ந்தாலும் பயனில்லை. உலோகம் தாங்கும் சுமை இழைக்குப் போய்ச் சேராது. ஆக, பொருள் ஒன்றே. செய்முறைதான் அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

இதை எழுதி முடித்ததும் அப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் இருபது ஆண்டுகளாக வெல்டிங் வேலை செய்பவர். "அளவுக்கு மீறிச் சூடு காட்டினா, ஒட்டுன இடத்துக்குப் பக்கத்துலதான் உடையும். அந்த மாதிரிதானே?" என்றார்.

அந்த மாதிரிதான். நான் விரிவுரையில் மனப்பாடம் செய்ததை அவர் கையால் அறிந்திருக்கிறார். நண்பர்களே, உங்கள் துறையையும் ஒருமுறை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நமக்கு எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.