இல்லாததைச் சொல்லும் ஊர்

வேலூரைப் பற்றிய பழைய சொலவடை முழுக்க ‘இல்லை’ கணக்குத்தான்: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஆறு என்றால் பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைச் சுமந்ததும் அதுதான். 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. மலையை விடுங்கள், பார்த்தாலே தெரியும். கோட்டைக்கு ராஜா வந்ததுண்டு, கைதியாக! கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-இல் வேலூரில்தான் இறந்தார். கோயில் மட்டும் சொலவடையைப் பொய்யாக்கிவிட்டது. நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கருவறைக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981 மார்ச்சில் வந்து சேர்ந்தது. ஆனாலும் ஊர் வாய் அந்த நாலாவதை இன்னும் விடவில்லை.