இரண்டடிப் பாதையில் இமயமலை ஏறும் ரயில்

ஊட்டி ரயிலில் போய்வந்தவர்கள் டார்ஜிலிங் ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, அங்கேயும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் உண்டா என்பதுதான். இல்லை என்றதும், அப்படியானால் அந்த உயரத்துக்கு எப்படித்தான் ஏறுகிறது என்று கேட்பார்கள். ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள், ஆற அமரப் பார்க்கலாம்.

ரயில் ஏன் அங்கே போனது என்பதிலிருந்து தொடங்குவோம். கல்கத்தா பக்கத்திலிருந்து வந்த பாதை 1878-இல் சிலிகுரியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே ‘ஹில் கார்ட் ரோடு’ என்ற மலைச்சாலையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். சிலிகுரியில் டன் 98 ரூபாய்க்கு விற்ற அரிசி, டார்ஜிலிங் போய்ச் சேரும்போது 238 ரூபாய் ஆனது. மேலேயிருந்து தேயிலை இறங்க வேண்டும், கீழேயிருந்து அரிசி ஏற வேண்டும். ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் ஏஜென்ட்டாக இருந்த ஃபிராங்க்ளின் பிரஸ்டேஜ் இந்த விலை வித்தியாசத்தைக் காட்டித்தான் அரசிடம் அனுமதி வாங்கினார். 1879-இல் வேலை தொடங்கியது, 1881 ஜூலையில் வண்டி டார்ஜிலிங்கைத் தொட்டது. இரண்டே ஆண்டு! புதிதாக மலையைக் குடையாமல், ஏற்கெனவே இருந்த சாலையின் ஓரத்திலேயே தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டு போனதால்தான் அது முடிந்தது. 1969-இல் வந்த ‘ஆராதனா’ படத்தில் ரயிலும் ராஜேஷ் கன்னாவின் ஜீப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காட்சிக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, அந்தப் பாதையின் அமைப்பே அப்படித்தான்.

சாலையோரத்தில் போட வேண்டுமானால் பாதை ஒல்லியாக இருக்க வேண்டும். நம் பிராட் கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். டார்ஜிலிங்கில் 610, அதாவது இரண்டடி. இடம் மிச்சம், செலவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். வளைவில் கிடைக்கும் லாபம்தான் அதைவிடப் பெரியது.

ஓர் அரைவட்ட வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளித் தண்டவாளம் உள்ளதைவிட எவ்வளவு நீளம்? பாதையின் அகலத்தை 3.14-ஆல் பெருக்கினால் வருகிற அளவு. பிராட் கேஜில் ஏறக்குறைய ஐந்தேகால் மீட்டர். இரண்டடிப் பாதையில் 1.9 மீட்டர்தான். ரயிலில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. இது இரண்டு சுற்று சுற்றினால் அதுவும் இரண்டு சுற்றுதான். வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும் என்றால், ஏதாவது ஒன்று உரசிக்கொண்டு வழுக்கித்தான் ஆக வேண்டும். சக்கரத்தின் விளிம்பைச் சற்றே சரிவாகக் கடைந்திருப்பார்கள். பெரிய வளைவில் அந்தச் சரிவே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். மலைச்சாலையின் குறுகிய வளைவில் அது போதாது. வித்தியாசமே சிறியதாக இருந்தால்தான் சக்கரமும் தண்டவாளமும் தாங்கும். பாதை குறுகியது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, மலை அப்படித்தான் திரும்புகிறது என்பதற்காகவும்தான்.

இனி ஏற்றத்துக்கு வருவோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஊட்டி ரயில் சுமார் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிறது. அந்தச் செங்குத்தில் வெறும் இரும்புச் சக்கரம் நிற்காது, ஆகவே பல்சக்கரம். டார்ஜிலிங்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஏற்றத்தைக் குறைத்து, தூரத்தைக் கூட்டிக்கொண்டார்கள். முதலில் சாலையை நம்பியே போட்ட பாதை சில இடங்களில் எஞ்சினால் ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தாக இருந்தது. எனவே 1882-இல் சுக்னாவுக்கும் கயாபாரிக்கும் இடையே நான்கு சுழல்களும் நான்கு இசட் திருப்பங்களும் கட்டினார்கள். இன்று வழி நெடுக மூன்று சுழல்கள், ஆறு இசட்டுகள்.

சுழல் என்றால், பாதை ஒரு வட்டம் அடித்துத் தன் தலைக்கு மேலேயே தான் ஏறிப்போவது. வட்டம் அடிக்கவும் இடமில்லாத மலைமுகத்தில்தான் இசட். நம் மலைச்சாலைகளில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பிவிடும், ரயிலால் அது முடியாது. அதனால் திரும்பாமலே ஏறுகிறது. வண்டி முன்னோக்கி ஏறி ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். வண்டியை அடுத்த தண்டவாளத்துக்குத் திருப்பிவிடும் பாயின்ட்ஸை மாற்றுவார்கள். வண்டி பின்னோக்கியே அடுத்த கிளையில் ஏறும். மறுபடி நிற்கும், பாயின்ட்ஸ் மாறும், மறுபடி முன்னோக்கி. இருந்த இடத்திலிருந்து அதிகம் நகர்ந்திருக்காது, ஆனால் சற்றுமுன் வந்த பாதை காலுக்குக் கீழே தெரியும். அந்த முட்டுச்சந்தின் நீளத்துக்குள் முழு வண்டியும் அடங்கியாக வேண்டும். பெட்டிகளை விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்டே போக முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எஞ்சினைப் பார்த்தால் இதே கணக்கு அதிலும் தெரியும். ‘பி கிளாஸ்’ என்பார்கள். 1889 முதல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி செய்து அனுப்பியது. நான்கே சக்கரம், நான்குமே இழுக்கும் சக்கரம். தனியாகக் கரிப்பெட்டியோ தண்ணீர்ப் பெட்டியோ பின்னால் கட்டி இழுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி குதிரைச் சேணம் மாதிரி பாய்லரின் முதுகில் உட்கார்ந்திருக்கும், கரியும் எஞ்சின் மேலேயே. தன் எடை முழுவதையும் இழுக்கும் சக்கரங்களின் மேல் வைத்து அழுத்தினால்தான் ஈரத் தண்டவாளத்தில் பிடிப்பு கிடைக்கும்.

அப்படியும் வழுக்கும். மூடுபனி, தூறல், நசுங்கிய இலை என்று அந்த மலையில் தண்டவாளம் காய்வதே அரிது. அதற்காக எஞ்சினின் முன்பக்க இரும்புச் சட்டத்தில் இடதும் வலதுமாக இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். பக்கத்தில் மணல். எஞ்சினின் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும். திடீரென்று படபடவென்று வேகமெடுத்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்று பொருள். அந்தக் கணமே கை மணலை அள்ளித் தண்டவாளத்தின் மேல் விடும். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவருக்குச் சக்கரத்தின் மேல் இருக்கும் அதே கண் இவர்களுக்கும் வேண்டும். எஞ்சின் மேலே இன்னொருவர் சுத்தியலால் கரியை உடைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். டிரைவர், ஃபயர்மேன் பெயர்களையாவது யாராவது கேட்பார்கள். இந்த மூன்று பேரையும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அந்த ரயிலைப் பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இவர்கள் வேலை செய்வதைத்தான்.

உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ இதை 1999-இல் அறிவித்தது. ஊட்டிக்குப் போகும் நீலகிரி ரயில் 2005-இலும் கால்கா–சிம்லா 2008-இலும் அதே பட்டியலில் சேர்ந்தன. அங்கீகாரம் மலைச்சரிவைத் தடுத்துவிடுவதில்லை. 2010-இல் பாக்லாஜோரா அருகே மண் சரிந்து, 2015 வரை முழுப் பாதையிலும் வண்டி ஓடவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலோர் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேர ‘ஜாய் ரைட்’டோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வீணில்லை. 1919-இல் போட்ட பதாசியா சுழல் அதில் வருகிறது. கூர்க்கா வீரர்களின் நினைவுத்தூண் அதன் நடுவில் நிற்கிறது. 2,258 மீட்டர் உயரத்திலிருக்கும் கூமில் இறங்கினால் ‘பேபி சிவோக்’ என்ற குட்டி எஞ்சினையும் பார்க்கலாம். ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன இசட் திருப்பங்களில் ஒன்றுகூட அந்த வழியில் இல்லை. ஆறும் கீழே, சுக்னாவிலிருந்து ஏறும் காட்டுப் பகுதியில் இருக்கின்றன. நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் வரை 88 கிலோமீட்டர். ஜீப்பைப்போல இரண்டு பங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும், இழுப்பதும் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான்.

ஆகவே ஏறுவதற்கே ஒரு பகலை ஒதுக்குங்கள். ஏறும்போது கீழிருந்து முழு வழியும் டீசலில் வாருங்கள், மறுநாள் ஜாய் ரைடில் நீராவி வண்டிக்குச் சீட்டு எடுங்கள். எடுக்கும்போது எஞ்சின் நீராவியா டீசலா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் கட்டணம் வேறு. பதாசியாவில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் முன்னால் போய், மணல் போடுகிற இருவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.