பதுளையில் நல்ல ரொட்டி எங்கே?

இரு பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்து உண்பதற்கு ஆங்கிலேயர், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பெயரை இட்டு வழங்குகின்றனர். நியூயோர்க் நகரத்தார், தம் ஊரில் எந்தக் கடை அதைச் சிறப்பாகச் செய்கிறது என்று ஓயாது வாதிடுவர். பதுளைவாசிகளாகிய நமக்கும் அத்தகையதொரு வழக்கு உண்டு. அது மரக்கறி ரொட்டியைப் பற்றியது. நின்றபடியே உண்டு, பஸ்ஸையும் தவறவிடாது ஏறுவதற்கு இதைப் போன்ற உணவு வேறில்லை.

முதலில் இதன் இலக்கணத்தைக் கூறிவிடுவோம். கோதுமை மாவை உப்பிட்டுப் பிசைந்து உருட்டி, எண்ணெயில் ஊறவைத்து, உள்ளங்கையால் மெல்லிதாக விரிக்கவேண்டும். நடுவே கறியை வைத்து, முக்கோணமாக மடித்து, கல்லில் எல்லாப் பக்கமும் திருப்பிச் சுடவேண்டும். கறிக்கு உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், வெங்காயம், பச்சைமிளகாய். வெலிமடைத் தோட்டக்காரர் மூட்டை மூட்டையாக மரக்கறி விளைவிக்கும் இம்மாவட்டத்தில், கறியில் கஞ்சத்தனம் காட்டும் கடைக்காரருக்கு மன்னிப்பே கிடையாது.

சென்ற விடுமுறையில் கல்லூரி நண்பர் இருவருடன் மூன்று நாட்கள் நாம் இதே வேலையாகத் திரிந்தோம். 1924 ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதை இங்கேயே முடிகிறது. ஆதலால் நிலையத்தை அடுத்துப் பசித்த பயணிகளுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயோ என்னவோ, அங்கு ஒரு கடையில் காலையில் சுட்டதை மாலையிலும் கூசாமல் வைத்தனர். கடைத்தெருவில் மற்றொன்றில் உருளைக்கிழங்கைத் தவிர உள்ளே ஏதுமில்லை. தட்டு நிறையச் சிற்றுண்டிகளை மேசைமீது வைத்துவிட்டு, உண்டதற்கு மட்டும் காசு வாங்குவது நம் நாட்டுக் கடைகளின் வழக்கம். மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும். சுகாதார உத்தியோகத்தர் இதுபற்றி என்ன கூறுவார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

பஸ் நிலையத்துக்கு அணித்தான ஒரு சிறு கடையிலேதான் வழக்குத் தீர்ந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் லீக்ஸ், மிளகின் காரம். எண்ணெய் விரலில் ஒட்டவில்லை. நகரத்தைப் பொறுத்தவரை நமது தீர்ப்பு இதுவே.

நிற்க. நண்பரொருவர் விடவில்லை. "தோட்டத்து ரொட்டியைத் தின்னாமல் தீர்ப்புச் சொல்வதா?" என்று பசறை வீதி வழியே நமுனுகலைப் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே ஒரு லயத்தில், நம்மிடம் பயின்ற மாணவனின் தாயார் தேங்காய்ப்பூவும் மாவும் சேர்த்துத் தட்டிய தடித்த ரொட்டியை, அம்மியில் அரைத்த சம்பலோடு தந்தார். எண்ணெயில்லை, கறியுமில்லை. "கடை ரொட்டி மாதிரி மெதுவா இருக்காது சேர். மத்தியானம் வரைக்கும் வயிறு தாங்கணும்ல?" என்றார். விடியுமுன் சுட்டு, தேத்தண்ணியோடு தின்றுவிட்டு மலையேறும் கொழுந்துக்காரருக்கு மென்மை எதற்கு?

இந்த ரொட்டி தொன்றுதொட்டு வந்ததன்று. இவர்களின் முன்னோர் சோறுண்டவர்கள்; தோட்டத்தில் அரிசி அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்தனர். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா அதனிடத்தைப் பிடித்தது. கோதுமையோ இலங்கையில் விளைவதில்லை. கப்பல் வந்தால் ரொட்டி, வராவிட்டால் பட்டினி என்றாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மா அருகி விலையும் ஏறியபோது, கிராமத்தவர் மரவள்ளி நட்டுத் தப்பினர். லயத்தாருக்கு நடுவதற்கு நிலமேது? தோட்டங்களில் உயிர்கள் பல மடிந்தன. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியாயிற்று; மறு ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்கையும் கடந்தது. அவ்வாண்டில் காலை ரொட்டியின் பருமன் குறைந்ததையும், பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வந்ததையும் ஆசிரியர்களாகிய நாம் கண்ணாரக் கண்டோம்.

தாயார் கட்டிக் கொடுத்த இரு ரொட்டிகள் மறுநாட்காலையும் கெடவில்லை, சம்பல்தான் தீர்ந்துவிட்டது. நகரத்து ரொட்டியை நாடுவோர் மாலை ஐந்து மணிக்கு முன் பஸ் நிலையத்துக்குச் செல்க. அதன் பின்னர் அந்தக் கல்லில் கொத்து ரொட்டிதான்.