பழைய காருக்குப் புதிய வெளிச்சம்

கீரியில் நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் அயலவர்கள் என் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். 2007 இல் கணவர் காணாமற்போனபின் எனக்கு மிஞ்சியது இரண்டு பிள்ளைகளும் அவருடைய பழைய ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் காரும்தான். ஹயர் ஓடித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன்.

சோமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் தயாரானது. 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் இப்படியான பழைய கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. ஆனால் இரவு ஓட்டத்துக்கு எஞ்சின் மட்டும் போதாது சகோதரிகளே! மன்னார் வீதிகளில் இரவில் கழுதைகள் நிற்கும். மங்கிய லைற்றில் அவை கிட்டப் போகும்வரை தெரியாது. பின் ஆசனத்தில் நோயாளி இருக்கும்போது திடீரெனப் பிறேக் அடிக்கவும் முடியாது.

பெரிய பல்ப் போடச் சொன்னவர்கள் பலர். ஆனால் எங்கள் மெக்கானிக் பல்பைத் தொடவில்லை, மீற்றரைத்தான் எடுத்தார். லைற் எரியும்போது பற்றறியில் 12.4 வோல்ற், பல்பில் 10.6 வோல்ற்தான். வோல்ற் 10 வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறையும் என்றார்.

மீதி எங்கே போனது? உப்புக்காற்றில் பூத்துப்போன வயர் இணைப்புகளிலும், தேய்ந்த சுவிச்சுகளிலும்தான். நாங்கள் செய்தவை இவை:

1. முதலில் பற்றறி இணைப்பைக் கழற்றினோம். லைற்றின் எர்த் வயர் பொருந்தும் இடத்தைத் துருப்போகச் சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசினோம்.

2. லைற்றுக்கு உள்ளேயிருக்கும் வெள்ளிப்பூச்சைப் பார்த்தோம். அது கறுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்தால் பூச்சே போய்விடும்.

3. றிலே இரண்டு பொருத்தினோம், டிம்முக்கு ஒன்று, பிறைற்றுக்கு ஒன்று. பற்றறியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயரில் மின்சாரம் நேரே லைற்றுக்குப் போகிறது. பழைய சுவிச் இப்போது றிலேயை மட்டுமே இயக்குகிறது.

பல்ப் வாங்கும்போது கவனம் தேவை. 60 வாற் பல்ப் இரண்டு எரிய 10 அம்பியர் வேண்டும். பழைய டைனமோ வேகமாக ஓடும்போதுகூட ஏறத்தாழ 20 அம்பியர்தான் தரும். மெதுவாக ஓடினால் அதுவும் இல்லை. அதற்கு மேற்பட்ட பல்ப் போட்டால் பற்றறி இறங்கிவிடும். இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் எர்த். அதனால் சில எல்ஈடி பல்புகள் இதற்குப் பொருந்தா.

கடைசியாக வெளிச்சத்தின் திசை. சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தூரத்தில் காரை நிறுத்திப் பாருங்கள். டிம் வெளிச்சம் லைற்றின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். நாம் வீதியின் இடப்பக்கம் ஓடுபவர்கள். வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்குச் செய்த லைற், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இப்போது பல்பில் 12 வோல்ற் காட்டுகிறது. பழைய பல்ப்தான், ஆனால் கழுதை தூரத்திலேயே தெரிகிறது. வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும் மீற்றர் பிடிக்கப் பழகுவது நல்லது. எது பழுது என்று நமக்கே தெரிந்தால், தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுக்க வேண்டிவராது.