கைப்பேசிக்குள் ஒரு சுவடிச்சாலை: கிட் மென்பொருள் பற்றிய விளக்கம்

பழைய ஏட்டுச் சுவடிகளை அச்சில் கொண்டுவந்த அறிஞர்களுக்கு ஏடு கிடைப்பது மட்டும் சிரமமாக இருக்கவில்லை. கிடைத்த பிறகுதான் அடுத்த சிரமம். ஒரே நூலுக்கு நாலு ஏடு அகப்பட்டால் நாலும் நாலு விதமாக இருக்கும். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். படி எடுத்தவர் கை தவறியதா, வேண்டுமென்றே மாற்றினாரா என்பதை அந்த ஏடு சொல்லாது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், பின்னர் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு முதலியவற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்களில் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பாடபேதம் என்று குறித்துவைத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

கணினியில் இந்தப் பாடபேத வேலையைச் செய்வதற்கென்றே ஒரு வகை மென்பொருள் உண்டு. அதைப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று சொல்லலாம். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை, என்ன காரணத்துக்காக மாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் அது குறித்துவைக்கும். மென்பொருள் எழுதுபவர்கள் இது இல்லாமல் வேலையே செய்ய மாட்டார்கள். ஆனால் இது அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. மடிக்கணினி இல்லாத வீட்டிலும், கையில் இருக்கும் கைப்பேசியிலேயே இதை ஓட்ட முடியும். நம்மைப் போன்ற தீவுவாசிகளுக்கு இது மிகவும் பொருத்தமானது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த சங்கதி.

நம் வீடுகளில் இதற்கு என்ன வேலை?

எங்கள் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். எங்கள் உறவுக்காரர்கள் தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், எந்தக் கப்பலில் அந்தமானுக்கு வந்தார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்து வருகிறோம். நான் இருப்பது சௌல்தாரியில். அக்கா மகன் சென்னையில் கணினி படிக்கிறான். சித்தப்பா மகள் ரங்கத்தில். மூன்று பேரும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறோம்.

முதலில் எல்லோரையும் போல வாட்சப்பில்தான் கோப்பு போய் வந்தது. 'கடைசி', 'கடைசி-2', 'இதுதான் கடைசி' என்று பெயர்கள் வளர்ந்தன. ஒருநாள் பார்த்தால் ஒரு பாட்டியின் பிறந்த ஊர் எதிலும் இல்லை. முன்பு இருந்தது மூவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. எந்தப் பிரதியில் விழுந்துபோனது, யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்ன பெரியம்மாவும் இப்போது இல்லை. இனி யாரைப் போய்க் கேட்பது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் தீவுகளில் எத்தனையோ வீடுகளோடு பத்திரங்களும் படங்களும் குறிப்பு நோட்டுகளும் போயின. ஒரே பிரதியாக இருந்தது போனால் போனதுதான். எங்கள் பாட்டியின் ஊர்ப் பெயர் போனது வேறு விதம். பிரதிகள் நிறைய இருந்தன, ஆனால் அவற்றுக்குள் தொடர்பு இல்லை. இந்த இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு

1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற முதல் முறையை உருவாக்கினார். 1980-களில் வால்ட்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்பதையும், டிக் க்ரூன் சி.வி.எஸ். என்பதையும் செய்தார்கள். 2000-இல் சப்வெர்ஷன் தொடங்கியது. சி.வி.எஸ்., சப்வெர்ஷன் இரண்டிலும் வரலாறு முழுக்க ஒரு மையக் கணினியில் இருக்கும். ஒரு மாற்றத்தைப் பதிய வேண்டுமானால் அந்த மையத்தோடு தொடர்பு வேண்டும். தொடர்பு அறுந்தால் பதிவும் நின்றுவிடும்.

2005 ஏப்ரலில் இது மாறியது. லினக்ஸ் இயங்குதளத்தை எழுதிய குழு அதுவரை பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தது. அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டதும் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். சில நாட்களிலேயே அது ஓடத் தொடங்கியது. அதுதான் கிட். அதே மாதத்தில் மெர்க்கூரியல் என்ற இன்னொன்றும் வெளிவந்தது. இந்த இரண்டிலும் மையம் என்று ஒன்று கட்டாயமில்லை. களஞ்சியத்தைப் படி எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடும்.

கிட்டில் நாம் ஒரு மாற்றத்தைப் பதிவதைக் 'கமிட்' என்பார்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தெண்கள் கொண்ட ஓர் அடையாளத்தை அதன் உள்ளடக்கத்திலிருந்தே கிட் கணக்கிடுகிறது. புதிய கமிட் தனக்கு முந்தையதின் அடையாளத்தையும் தன்னுள் வைத்திருக்கும். சங்கிலி மாதிரி. நடுவில் யாராவது பழையதைத் திருத்தினால் அடையாளம் மாறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பட்டியல் முதலிலிருந்தே இப்படி இருந்திருந்தால், பாட்டியின் ஊர் எந்த நாளில், யார் கைப்பேசியிலிருந்து விடுபட்டது என்று ஒரு நிமிஷத்தில் பார்த்து, அந்த வரியைத் திரும்ப எடுத்திருக்கலாம்.

தீவுக்கு ஏற்றது எப்படி?

சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னையைப் போர்ட் பிளேரோடும், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களோடும் அது இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக வந்த இணையத்தின் வேகம் எப்படி இருந்தது என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த நகரில் இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் மழைக்காலத்தில் மின்சாரம் போவதும், உள்ளூரில் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதும் நமக்குப் பழகிய கதைதானே.

கிட்டில் எழுதுவது, பதிவது, பழையதைப் பார்ப்பது, கிளை பிரிப்பது எதற்கும் இணையம் தேவையில்லை. எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே நடக்கும். மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது மட்டும்தான் இணைப்பு வேண்டும். கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டு, கப்பல் வரும் நாளில் தபாலில் சேர்ப்பது போல.

ஆண்ட்ராய்டில் ஓட்டும் விதம்

ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ். அதனால் லினக்ஸுக்காகப் பிறந்த கிட் அதில் இயல்பாக ஓடும். டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலி கைப்பேசிக்குள் ஒரு சிறு லினக்ஸ் சூழலை அமைத்துத் தருகிறது. அதை எஃப்-டிராய்டு என்ற திறந்த மென்பொருள் கிடங்கிலிருந்து எடுப்பது நல்லது. நிறுவியதும், 'பி.கே.ஜி. இன்ஸ்டால் கிட்' என்று ஒலிக்கும் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். மேசைக் கணினியில் ஓடும் அதே கிட்தான் இங்கேயும். குறைத்துச் செய்த பொம்மை அல்ல.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, களஞ்சியத்தை எங்கே வைப்பது என்பது. கைப்பேசியின் பொதுச் சேமிப்பிடத்தில், அதாவது படங்களும் பாட்டுகளும் இருக்கும் இடத்தில், லினக்ஸ் முறையிலான கோப்பு உரிமைகள் சரியாக வேலை செய்யாது. ஆகவே டெர்மக்ஸின் சொந்த இடத்தில் வைப்பதே சரி. ஆனால் டெர்மக்ஸை நீக்கினால் அங்கே உள்ளதெல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். வேறொரு இடத்தில் படி இல்லாமல் நீக்கவே கூடாது. இரண்டு, பேட்டரியை மிச்சம்பிடிக்க, பின்னணியில் ஓடும் செயலிகளை ஆண்ட்ராய்டு திடீரென்று நிறுத்திவிடும். பெரிய களஞ்சியத்தை முதன்முறை இறக்கும்போது நடுவில் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே முதலில் அண்மைப் பதிப்பை மட்டும் இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வரலாற்றை வாங்கிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தலாம்.

ஐபோன், ஐபேட்

ஆப்பிள் கருவிகளில் நிலைமை வேறு. கிட் தன் வேலையைப் பல சிறு நிரல்களாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றை எழுப்பும் முறையில் செய்கிறது. ஒரு செயலி இன்னொரு நிரலை இப்படி எழுப்புவதை ஆப்பிள் அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே கிட்டின் வேலைகளை ஒரே நூலகமாகத் திரட்டிய லிப்கிட்2 போன்றவற்றைச் செயலிக்குள்ளேயே வைத்துக் கட்டுகிறார்கள். வொர்க்கிங் காப்பி என்ற செயலி இதில் பேர்பெற்றது. பொத்தான்களைத் தொட்டே எல்லாம் செய்யலாம், கட்டளை தட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் மாற்றங்களை வெளியே அனுப்பும் வசதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கிட்ஹப் என்பது வேறு, கிட் என்பது வேறு. கிட்ஹப் 2008-இல் வந்த ஒரு நிறுவனத்தின் இணையக் கிடங்கு. 2020-இல் வந்த அதன் கைப்பேசிச் செயலி, கிடங்கில் இருப்பதைப் பார்க்கவும் கருத்துச் சொல்லவும் உதவும். அதை நிறுவிவிட்டால் உங்கள் கைப்பேசியில் முழு வரலாறும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க

தமிழ்க் கோப்புகளை வைத்துப் பழகியதில் தெரிந்துகொண்ட மூன்று குறிப்புகள்.

முதலாவது, கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை எண்களாகக் காட்டும். 'அ' என்ற ஒரே எழுத்து 340, 256, 205 என்று மூன்று எண்ணாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அமைப்பில் 'கோர்.கோட்பாத்' என்பதை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும்.

இரண்டாவது, 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிட்டுக்கு வேறு வேறு. வேறு வேறு விசைப்பலகை வைத்திருப்பவர்கள் ஒரே கோப்பைத் தொடும்போது, மாறாத வரி மாறியதாகக் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான். எல்லோரும் ஒரே விசைப்பலகையை வைத்துக்கொள்வது எளிய வழி.

மூன்றாவது, கிட் வரிவரியாக ஒப்பிடும். ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால், இரண்டு பேர் அதில் ஆளுக்கொரு சொல்லை மாற்றினாலும் மோதல் என்று நிற்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் பெரும்பாலான மாற்றங்களை அதுவே இணைத்துவிடும்.

இணையமே இல்லையென்றால்?

கிட்டில் 'பண்டில்' என்று ஒரு வசதி உண்டு. களஞ்சியம் முழுவதையுமோ, புதிதாகச் சேர்ந்ததை மட்டுமோ ஒரே கோப்பாக மூட்டை கட்டித் தரும். அதைப் பென்டிரைவிலோ, மெமரி கார்டிலோ, புளூடூத்திலோ கொடுத்தால், வாங்கியவர் தம் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரங்கத்துக்குப் போகும் உறவினர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாலும் வரலாறு ஒரு வரி குறையாமல் போய்ச் சேரும். தமிழ் எழுத்துக் கோப்புக்கு இடமும் அதிகம் வேண்டாம். நூறு பக்கம் எழுதினாலும் ஒரு மெகாபைட்டைத் தொடாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். அதனால்தான் படங்களையும் காணொளிகளையும் கிட்டுக்குள் போடக் கூடாது. மாற்றும்போதெல்லாம் பழையதும் உள்ளேயே தங்கிப் பாரம் ஏறிக்கொண்டே போகும்.

எச்சரிக்கைகள்

கிட்ஹப் போன்ற கிடங்குக்கு அனுப்புவதற்கு 2021 ஆகஸ்ட் முதல் வெறும் கடவுச்சொல் செல்லாது. தனி அனுமதிச் சீட்டோ, எஸ்.எஸ்.எச். சாவியோ வேண்டும். சாவியைக் கைப்பேசியிலேயே உருவாக்கி, அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தால் வேறொரு கருவியிலிருந்து அந்தச் சாவியை ரத்து செய்துவிடலாம். திரைப் பூட்டு கட்டாயம்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. கிட் எதையும் எளிதில் மறக்காது. அதுவே அதன் பலம், அதுவே ஆபத்தும்கூட. ஆதார் எண், வங்கி விவரம், பிறர் சொல்லக் கூசும் குடும்பச் சேதி எதையும் அதில் எழுதாதீர்கள். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும். குடும்பக் களஞ்சியத்தை எப்போதும் தனிப்பட்டதாகவே வையுங்கள்.

எங்கள் பட்டியலில் ஒரு தாத்தா வந்த வருஷம் 1958 என்கிறார் பெரியப்பா. இல்லை, 1961 என்கிறார் அவர் தங்கை. இருவரும் சாதிக்கிறார்கள். நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்த நாளில் கேட்டது என்று கமிட்டின் குறிப்பில் சேர்த்திருக்கிறோம். ஒருவேளை பழைய கப்பல் சீட்டு ஏதாவது பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தால் அன்றைக்கு இன்னொரு வரி சேரும். பழைய இரண்டும் அப்போதும் இருக்கும்.

கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மடிக்கணினி வாங்கும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். தொழிலில் அவர்கள் தினமும் தொடப்போகும் கருவி இது. கையில் இருக்கும் கைப்பேசியிலேயே பழகட்டும். பழகுவதற்கு, பெரியவர்கள் சொல்வதை எழுதும் பட்டியலைவிட நல்ல பாடம் கிடைக்காது. கேட்டதை அன்றைக்கே எழுதி, அன்றைக்கே ஒரு கமிட் போட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்காவது படி அனுப்பிவிடுங்கள். கேட்க வேண்டியவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது.