ஜோன் தொம்சனின் ஒளிப்படங்களும் அடிநிலை மாந்தரும்

ஒளிப்படக் கருவி பொய் கூறாத சாட்சி என்னும் நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அந்நம்பிக்கையின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே புலப்படுத்துவது ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் தொம்சனின் (1837–1921) பணியாகும்.

எடின்பரோவிற் பிறந்த தொம்சன், ஒளியியற் கருவிகள் செய்வோர் ஒருவரிடம் தொழில் பயின்றார். 1862இல் சிங்கப்பூர் சென்று, தமையனாருடன் சேர்ந்து தொழிலைத் தொடங்கினார். 1864இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணஞ் செய்தார். அடுத்த ஆண்டில் சீயத்து மன்னர் மொங்குட்டைப் படம்பிடித்தார். 1866இல் கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பதிவுசெய்தார். 1868 முதல் 1872 வரை ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்டு சீனாவின் பல பகுதிகளிலும் அவர் எடுத்த படங்களுள் இருநூறு, 1873–74இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன.

அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படமெடுத்து உருத்துலக்கல் வேண்டும். இருட்கூடாரத்தையும் இரசாயனங்களையும் கண்ணாடிப் பெட்டிகளையும் கூலியாட்கள் சுமந்தனர். படமெடுக்கப் பல விநாடிகள் செல்லக்கூடுமாதலின், எதிரே நிற்போர் அசையாதிருத்தல் வேண்டும். இயல்பானவை போலத் தோன்றும் காட்சிகள் பலவும் ஒழுங்குசெய்யப்பட்டவை என்பது இதனாற் பெறப்படும்.

சீனாவின் உட்பகுதிகளுக்குள் அவர் சென்ற வழியும் கருதத்தக்கது. அபினிப் போர்களின் விளைவாகத் திணிக்கப்பட்ட உடன்படிக்கைகளே மேனாட்டவர்க்கு அவ்வழியைத் திறந்துவிட்டிருந்தன. அரச குடும்பத்தவர் முதல் இரவலர் வரை அவர் படம்பிடித்தார். எனினும், மேலோர் பெயருடன் இடம்பெற, உழைப்போர் பெரும்பாலும் தொழிலுக்கோ இனத்துக்கோ உரிய 'மாதிரி'களாகவே இடம்பெற்றனர்.

தாயகம் மீண்ட தொம்சன், அதே கருவியைப் பேரரசின் தலைநகரை நோக்கித் திருப்பினார். பத்திரிகையாளர் அடோல்ஃப் ஸ்மித்துடன் இணைந்து, இலண்டன் தெருவாழ்க்கை பற்றிய மாதத் தொடரொன்றை 1877 பெப்ரவரியில் தொடங்கினார். அத்தொடரில் முப்பத்தாறு படங்கள் வெளிவந்தன. வறியோர் நிலையைக் குறைத்தோ மிகைத்தோ கூறினர் என்ற பழியிலிருந்து ஒளிப்படம் தம்மைக் காக்கும் என இருவரும் முன்னுரையில் வாதிட்டனர்.

அவற்றுள் 'ஊர்வோர்' எனத் தலைப்பிடப்பட்ட படம் பெரிதும் அறியப்பட்டது. சென் ஜைல்ஸ் பகுதியின் வறியோர் விடுதிப் படிக்கட்டில் முதியவள் ஒருத்தி, கைக்குழந்தையுடன் சோர்ந்து சாய்ந்திருக்கிறாள். அவள் தையற்காரர் ஒருவரின் விதவை. வேலைக்குச் சென்ற தோழியின் குழந்தையையே ஏந்தியிருக்கிறாள். அதற்கு ஈடாகப் பெறுவது தேநீரும் பாணுமே. இவற்றை நாம் அறிவது ஸ்மித்தின் உரையினாலேயே. உரையை நீக்கின், உழைத்துக்கொண்டிருக்கும் பெண் இரக்கத்துக்குரிய உருவமாக மட்டுமே எஞ்சுவாள். அவ்வுரையிலும் அவள் பெயர் இல்லை.

1881இல் தொம்சன் அரச ஒளிப்படக்காரராக நியமனம் பெற்றார். செல்வர் உருவப்படங்களே அவருடைய பிழைப்பாயின. 1886 முதல் அரச புவியியற் கழகத்திற் பயணிகளுக்கு ஒளிப்படக்கலை கற்பித்தார். அவருடைய கண்ணாடித் தகடுகள் இன்று இலண்டன் வெல்கம் சேகரிப்பில் உள்ளன. அவற்றை ஆய்வோர், படத்திலுள்ளோர் யார் என்பதுடன், அவர்களை அங்கு நிறுத்திய சமூக உறவுகள் எவை என்பதையும் வினவுதல் வேண்டும்.