தூக்குவது முதுகு, கைவிடுவது விரல்!

இரும்புத் தண்டு முழங்காலைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சாண் உயர வேண்டும். உயர்ந்துவிட்டால் முதுகு நிமிரும். நடுவர் கையை இறக்குவார். வெள்ளை விளக்கு எரியும்.

அந்த ஒரு சாண் தூரத்தில்தான் வாலிபரின் விரல்கள் திறந்துகொண்டன.

180 கிலோவும் "டமார்" என்று மேடையில் விழுந்தது. மூன்று விளக்குகளும் சிவப்பு!

வாலிபருக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமை. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை. இரவு 9 மணிக்குப் பட்டறையை விட்டால் நேரே உடற்பயிற்சி நிலையம். இரண்டு வருடமாக இதுதான் அவருடைய வாழ்க்கை. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அதுவும் ரயில்வே வேலையாகக் கிடைத்துவிட்டால் தங்கையின் கல்யாணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிராது என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வாசலுக்குப் பல படிகள் ஏற வேண்டும். முதல் படி, இந்த மாவட்ட வலுதூக்கும் போட்டி.

அவர் பயிற்சி நிலையத்தில் 200 கிலோவைத் தொடர்ந்து நான்கு முறை தூக்கியவர். பார்த்த சாட்சிகள் பத்துப் பேர் உண்டு. அப்படிப்பட்டவருக்கு 180 கிலோ ஏன் நழுவியது?

காரணம் அவருடைய பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. இரண்டு துண்டு நாடா!

நாடா செய்யும் வேலை

உடற்பயிற்சி நிலையங்களில் இதை "ஸ்டிராப்" என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் வார். ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பருத்தி நாடாவிலும் நைலானிலும் தோலிலும் வருகிறது. ஒரு நுனியில் சிறு வளையம் தைத்திருக்கும். மறு நுனியை அதற்குள் நுழைத்தால் சுருக்கு ஆகிவிடும். சுருக்கில் கையை விட்டு, மிஞ்சிய வாலை இரும்புத் தண்டின் மேல் சுற்றிவிட்டால், தண்டு கையோடு கட்டுண்டுவிடும். விரல் தளர்ந்தாலும் தண்டு விழாது. பளு விரலை விட்டு மணிக்கட்டுக்கு மாறிவிடுகிறது. வார் செய்கிற வேலை இவ்வளவுதான்.

மணிக்கட்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டை, மூட்டு மடங்காமல் தாங்குவதற்கு. பிடிக்கு அதனால் பலன் ஒன்றும் இல்லை. வலுதூக்கும் போட்டியில் ஒரு மீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத பட்டையை அனுமதிப்பார்கள். வாரை அனுமதிக்கவே மாட்டார்கள்.

இது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. வாலிபர் படித்ததில்லை. படிக்கச் சொல்ல ஆளும் இல்லை.

விரல் ஏன் முந்திக்கொள்கிறது?

தரையில் கிடக்கும் பளுவை இடுப்பு மட்டத்துக்கு நிமிர்ந்து தூக்குவதை "டெட்லிஃப்ட்" என்கிறார்கள். இதில் உழைப்பவை தொடை, பிட்டம், முதுகு. உடம்பிலேயே பெரிய தசைகள் இவை. பளுவுக்கும் இந்தத் தசைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரே இணைப்பு, விரல்கள்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறு போல நரம்புக் கயிறுகள் மணிக்கட்டு வழியாக ஓடி விரலை இழுக்கின்றன. அந்தச் சின்னத் தசைகள், முதுகு களைப்பதற்கு வெகு முன்னாலேயே களைத்துவிடும். தண்டின் கனம் 28, 29 மில்லிமீட்டர். பளு கூடக் கூட, அது உள்ளங்கையிலிருந்து விரல் நுனியை நோக்கி உருளும். கட்டை விரல்தான் கதவுத் தாழ்ப்பாள். அது விலகினால் மற்ற நான்கும் திறந்துவிடும். மும்பையின் புழுக்கத்தில் கை வியர்த்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதுகை நன்றாகப் பழக்க நினைப்பவன் விரலுக்காகப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வார்.

இதைக் கட்டிக்கொண்டு தூக்குவது பேடித்தனம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர் கையில் இரும்புக் கொக்கி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? நாள் முழுவதும் விரலால் சாக்கைக் கவ்வ முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதே கொட்டகைக்கு வரும் சில பார்சல் கட்டுகளின் மேல் கொக்கிப் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருக்கும். இங்கே கொக்கி போடாதே என்று அர்த்தம். வாருக்கும் அப்படிக் கோடு அடித்த இடங்கள் இருக்கின்றன.

வெளிநாட்டுப் பலசாலிகள்

பிரிட்டனைச் சேர்ந்த எடி ஹால் 2016-ம் ஆண்டில் லீட்ஸ் நகரில் 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020-ல் 501 கிலோ தூக்கினார். இருவர் கையிலும் வார் இருந்தது. பலசாலிகளின் போட்டிகளில் அதற்குத் தடை இல்லை. வார் இல்லாமல் தூக்கிய கணக்கைப் பார்த்தால், அதே ஐஸ்லாந்தின் பெனடிக்ட் மாக்னுசன் 2011-ல் 460 கிலோ தூக்கியிருக்கிறார். வித்தியாசம் முழுவதும் நாடாவினால் என்று சொல்லிவிட முடியாது. உடுப்பும் உண்டு, ஆளும் வேறு. ஆனாலும் 40 கிலோ, 40 கிலோதான்!

ஒலிம்பிக்கில் நடக்கும் பளுதூக்கும் போட்டி வேறு வகை. அதில் பளு தலைக்கு மேலே போக வேண்டும். அங்கேயும் வார் கூடாது. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் "ஸ்னாட்ச்" முறையில் 149, "கிளீன் அண்ட் ஜெர்க்" முறையில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அந்த மேடையில் கை ஒன்றுதான் துணை. 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடி தங்கம் வாங்கியபோதும் அதே விதிதான். டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவுக்கும் விதிவிலக்கு இல்லை.

அந்த வகை வீரர்கள் பிடிக்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கட்டை விரலை முதலில் தண்டோடு ஒட்டி மடக்கி, அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் பூட்டிவிடுவார்கள். முதல் ஒரு மாதம் கட்டை விரல் நசுங்குவது போல வலிக்கும். பிறகு பழகிவிடும். பயிற்சியில் மட்டும், பளுவை இடுப்பு வரை இழுத்துப் பழகும்போது வார் கட்டிக்கொள்வார்கள்.

கட்டக் கூடாத இடம்

பளுவை மார்புக்கு ஏற்றித் தோளில் வாங்கும் "கிளீன்" பயிற்சிக்கு ஒருபோதும் வார் கட்டலாகாது. தண்டு தோளில் அமரும்போது மணிக்கட்டு சட்டென்று பின்னால் திரும்ப வேண்டும். கட்டுண்ட கை திரும்பாது. பளு தவறினால் கையை உதறி விலகவும் முடியாது. தண்டோடு கையும் போகும். மணிக்கட்டு எலும்பு முறியும். தலைக்கு மேல் தூக்கும் மற்ற பயிற்சிகளிலும் புதியவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கட்டும் முறையிலும் பிழை செய்கிறார்கள். வார் முன்கையில் ஏறி நிற்கக் கூடாது. மணிக்கட்டில், கை தொடங்கும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். வால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்து, விரல்கள் சுற்றும் திசைக்கு எதிராகத் தண்டைச் சுற்ற வேண்டும். விரல் மேலிருந்து வந்தால் வார் கீழிருந்து வரவேண்டும். ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. பிறகு தண்டைக் கொஞ்சம் உருட்டினால் தானே இறுகும். இரண்டாவது கைக்குக் கட்டுவதுதான் பாடு. அதற்கென்று பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் நல்லது. விரல் மரத்துப் போனாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துவிட வேண்டும்.

தாராவி வாலிபர் தன்னுடைய வாரைக் கடையில் வாங்கவில்லை. பை தைக்கும் கெட்டிப் பருத்தி நாடாவில் பட்டறையிலேயே தைத்துக்கொண்டார். நைலான் வழுக்கும் என்பது அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது. வளையம் சேரும் இடத்தில் சதுரமாக ஓட்டி, நடுவில் குறுக்கே இரண்டு தையல். பை அறுந்தால் சாமான் கொட்டும். வார் அறுந்தால் ஆளே மல்லாந்து விழுவான். அதனால் வாரம் ஒரு முறை நூலைப் பார்ப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. குறை அதைக் கட்டிய கணக்கில்!

120 கிலோவிலேயே அவர் வாரைக் கட்டிவிடுவார். இரண்டு வருடத்தில் முதுகு வளர்ந்தது. விரல் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த இடைவெளியை நாடா மூடி மறைத்திருந்தது. மேடையில் நாடா இல்லை. மறைப்பும் இல்லை.

"தம்பி, நீ 200 தூக்கலே. 150 நீ தூக்கினே, மிச்சத்தை நாடா தூக்கிச்சு" என்றாராம் மாஸ்டர். பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

ஏழு மாதம்

மாஸ்டர் நாடாவைப் பிடுங்கிக் குப்பையில் போடவில்லை. கணக்கை மாற்றினார். வெறுங்கையால் எத்தனை கிலோ முடியுமோ அதுவரை வெறுங்கை. கை விடுகிற கட்டம் வந்த பிறகு, கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் வார். வெறுங்கையால் தூக்கும் கடைசி முறையில் பளுவை உடனே இறக்காமல் பதினைந்து எண்ணும்வரை பிடித்து நிற்க வேண்டும். முடிந்த பிறகு கம்பியில் தொங்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு வேலை. காலையில் குழாயடியிலிருந்து 20 லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கை ஒன்றுக்கு 20 கிலோ. வழக்கமாக அம்மா இரண்டு நடை போவார். இப்போது மகன் நான்கு நடை போனார். பயிற்சிக்குப் பயிற்சி, அம்மாவுக்கும் ஓய்வு.

வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி உதவாது. முகப் பவுடர் அதைவிட ஆபத்து. வலுதூக்குபவர்கள் தண்டு உரசாமல் வழுக்கி ஏறுவதற்காகத் தொடையில் முகப் பவுடர் பூசுவது உண்டு. அது கையில் பட்டால் பிடி போயிற்று. வாலிபர் முதல் போட்டியில் அதையும் செய்திருந்தார்!

ஒரு உள்ளங்கை முன்னே பார்க்க, மறு உள்ளங்கை பின்னே பார்க்கப் பிடிக்கும் முறையும் உண்டு. தண்டு ஒரு பக்கம் உருளப் பார்த்தால் மறு கை தடுக்கும். போட்டியில் அனுமதி உண்டு. ஆனால் முன்னே பார்க்கும் கையை மடக்கி இழுத்தால் புயத்துத் தசை அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது. கை கயிறு போல் நீண்டே இருக்க வேண்டும். மாஸ்டர் இதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "நாங்க இளவட்டக்கல்லைத் தூக்கும்போது நாடாவா கட்டினோம்?" என்றார். உருண்டைக் கல்லில் விரல் போட இடம் ஏது? அதைக் கையால் அணைத்து, தொடையில் ஏற்றி, மார்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். அது வேறு வித்தை என்று பேரன் விளக்கினார். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை.

ஆரோக்கியத்துக்காக மட்டும் பயிற்சி செய்யும் குமாஸ்தாக்களுக்கு, மேடை ஏறும் எண்ணம் இல்லாதவர்களுக்கு, இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. உள்ளங்கைக் காய்ப்பு கிழிந்தவர்கள், விரலில் அடிபட்டவர்கள் கூச்சமின்றி வார் கட்டலாம். இரவில் விரல் மரத்துப் போகிறது என்பவர்கள் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஒரு போட்டி. முதல் முறை 170 கிலோ. வெள்ளை. இரண்டாவது, போன தடவை காலை வாரிய அதே 180. நிமிர்ந்து நின்று நடுவரைப் பார்த்தார். கை இறங்கியது. வெள்ளை.

மூன்றாவதாக 192.5 கேட்டார். மாஸ்டர் வேண்டாம் என்றார்; கேட்கவில்லை. முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் முதுகு ஏறவில்லை. சில விநாடி அப்படியே நின்றார். பிறகு குனிந்து, பளுவைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் விரல்களை விரித்தார்.